‘பெஸ்ட்’ என்ற சொல்லும் என் அத்தானும்

என் அத்தான் பதினான்கு மாதம் ஒரே ஒரு சொல்லோடு குடித்தனம் நடத்தினார். அந்தச் சொல் ‘பெஸ்ட்’. நீங்களும் நானும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லிவிட்டு மறந்துபோகிற சொல். சோப்பு அட்டையிலிருந்து டியூஷன் விளம்பரம் வரை ஒட்டிக்கொண்டிருக்கிற சொல். இதற்குப் போய்ப் பதினான்கு மாதமா என்று நான் ஒருநாள் கேட்டே விட்டேன். “அவசரப்பட்டுட்டேனோன்னுதான் பயமா இருக்கு மச்சான்” என்றார். கிண்டல் இல்லை. அவருக்குக் கிண்டல் வராது. அந்த வகையில் எங்கள் குடும்பத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஆள்.

அத்தான் என்றால் என் அக்கா கணவர். வேலை, அகராதி அலுவலகத்தில். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், டேனிஷ் என்று ஒரே வம்சத்தில் பிறந்த மொழிகள் சில இருக்கின்றன. ஜெர்மானிய மொழிகள் என்பார்கள். அந்த மொழிகளின் சொற்கள் எங்கே பிறந்தன, யாரோடு சேர்ந்தன, வழியில் எப்படிக் கெட்டன அல்லது திருந்தின என்று தமிழில் சொல்லப்போகிற பெரிய அகராதி அது. ஏழு தொகுதி என்று திட்டம். அத்தான் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இரண்டாவது தொகுதி நடக்கிறது. “ஏழாவது தொகுதி வர்றப்போ இந்த பாஷையெல்லாம் பேச ஆள் இருப்பாங்களா அத்தான்?” என்று கேட்பேன். அவர் உண்மையாகவே யோசித்துவிட்டு, “டச்சு இருக்கும்” என்பார்.

நான் லிஃப்ட் மெக்கானிக். அகராதி அலுவலகம் இருக்கிற பழைய கட்டடத்தின் லிஃப்டும் என் பொறுப்பில்தான். மாதம் ஒருமுறை எண்ணெய் போடப் போகும்போது மூன்றாவது மாடியில் எட்டிப் பார்ப்பேன். கீழே கண்ணாடி வெட்டும் கடை. அந்தக் கீச்சுச் சத்தம் ஜன்னல் வழியாக நாள் முழுக்க ஏறி வரும். அதற்கு நடுவில் ஒன்பது பேர் தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார்கள். சுவர் முழுக்க மர இழுப்பறைகள். இழுப்பறை முழுக்கப் பழுப்பு அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சொல், அது வந்த வாக்கியம், நூலின் பெயர், பக்கம், ஆண்டு. அவ்வளவுதான். காற்றில் பறந்தால் போச்சு என்று மின்விசிறியைக்கூட ஒன்றாம் எண்ணுக்கு மேல் வைக்க மாட்டார்கள்.

அங்கே ஒரு விதி உண்டு. ஒரு சொல்லுக்கு இதுதான் பொருள் என்று எழுத வேண்டுமானால் மூன்று சாட்சி வேண்டும். மூன்று வெவ்வேறு நூல்கள். ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதப்பட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சாட்சிதான். மூன்றும் கிடைத்த பிறகு அட்டையின் மூலையில் சிவப்புப் பென்சிலால் கையெழுத்து. மற்றவர்கள் இரண்டரை சாட்சியோடு கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்களாம். அத்தான் போட மாட்டார். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே ‘மூணு சாட்சி’. யாராவது “மணி என்ன சார்?” என்று கேட்டால், கைக்கடிகாரத்தைப் பார்த்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, பக்கத்து மேஜைக்காரரையும் கேட்டுவிட்டுத்தான் சொல்வார் என்று கதை கட்டிவிட்டிருந்தார்கள். பாதி உண்மைதான்.

எனக்கு இதெல்லாம் ஒத்தே வராது. லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே நான்கு பேர் கத்துகிறார்கள் என்றால், மேலே ஏற்றுவதா கீழே இறக்குவதா என்று நான் அரை நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டும். எது நல்லது என்று பார்க்க மாட்டேன். எது சீக்கிரம் என்று பார்ப்பேன். இருபது வருடமாக இப்படித்தான். இதுவரை யாரும் மயங்கிக்கூட விழவில்லை.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த மூன்று சாட்சிப் பழக்கம் ஒருமுறை என் அக்காவைக் காப்பாற்றியிருக்கிறது. பதினோரு வருடத்துக்கு முன்னால், கர்ப்பப்பையை எடுத்தே தீர வேண்டும் என்று இரண்டு டாக்டர்கள் சொன்னார்கள். நான், அம்மா, எல்லோரும் எடுத்துவிடலாம் என்றோம். அத்தான் மட்டும் அசையவில்லை. ரெண்டாவது டாக்டர் முதல் டாக்டரின் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் பேசினார், அது ஒரு சாட்சிதான் என்று அடம்பிடித்து, மூன்றாவதாக ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த டாக்டரம்மா புதிதாக எல்லாப் பரிசோதனையும் செய்து, ஆறு மாத மாத்திரையில் சரிசெய்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூன்றாவது ஆளுக்குத் தனி மரியாதை. நானே லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் இந்தக் கதையைக் கதவு வழியாகச் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறேன்.

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். இருபத்திரண்டு வருடமாக மைக்ராஸ்கோப்பில் குனிந்து அணுக்களை எண்ணுகிறவள். அவளுடைய இடது கண் பிறந்ததிலிருந்தே பேருக்குத்தான். வெளிச்சமும் நிழலும் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. “மைக்ராஸ்கோப்புக்கு ஒரு கண்ணுதானேடா வேணும். உங்களுக்கெல்லாம் ஒண்ணு வேஸ்ட்” என்பாள். அந்த ஒற்றை வலது கண்ணால் அவள் கண்டுபிடித்துச் சொன்ன நோய்கள் ஊரில் எத்தனையோ. மேலதிகாரியே சந்தேகம் வந்தால் ஸ்லைடைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வருவார். ஒரு பார்வை. “இருக்கு சார்” அல்லது “இல்ல சார்”. மூன்று சாட்சிக்காரருக்கு வாய்த்த மனைவி ஒற்றைப் பார்வைக்காரி.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் அவர்கள் வீட்டில்தான் சாப்பிடுவேன். சாப்பிட்டு முடித்ததும் அத்தான் சொல்லை எடுப்பார். அந்தப் பதினான்கு மாதமும் ‘பெஸ்ட்’தான். என் வாயைக் கட்டிப்போட்டாலும் காதைக் கட்ட முடியாதே, கேட்டுக் கேட்டு எனக்கே பாதி மனப்பாடம்.

“ஒரு வேடிக்கை சொல்றேன் கேளு மச்சான். ‘குட்’னு ஒரு சொல் இருக்குல்ல, நல்லது. அதுக்குச் சொந்தமா உச்சம் கிடையாது. ‘குட்டர்’, ‘குட்டஸ்ட்’னு ஒண்ணும் வளரல. ‘பெட்டரு’ம் ‘பெஸ்ட்’டும் வேற வீட்டுப் பிள்ளைங்க. வேற வேர். இவங்க வந்து அந்த வீட்டுல தத்துப் பிள்ளையா உட்கார்ந்துட்டாங்க. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தின கோதிக் பைபிள்லயே ‘பதிஸ்டா’ன்னு உட்கார்ந்தாச்சு.”

“சொந்த வீடு எது?”

“அதுதான் விஷயமே. அந்த வேர்ல பிறந்த மத்த சொல்லையெல்லாம் பாரு. பழைய ஆங்கிலத்துல மருந்து, பரிகாரம், ரிப்பேர் எல்லாத்துக்கும் ஒரே சொல். டச்சுல வலையில விழுந்த கிழிசலைத் தைக்கறது. ஐஸ்லாந்துல துணியில போடற ஒட்டு. ஜெர்மன்ல செஞ்ச பாவத்துக்குப் பிராயச்சித்தம். டேனிஷ்ல அபராதம். புரியுதா? எல்லாமே ஏதோ ஒண்ணு கெட்டுப்போனதுக்கு அப்புறம் அதைச் சரி பண்றது.”

“அப்ப ‘பெஸ்ட்’னா நல்லா ரிப்பேர் பண்ணதுன்னு அர்த்தமா? என் வேலை மாதிரி.”

“அப்படி எழுத முடியாது. மூணு சாட்சி இல்ல.”

அக்கா பாத்திரத்தை எடுத்துக்கொண்டே சிரிப்பாள். அவளுக்குப் பிடித்தது டச்சுக்காரன் கதை. அந்த மொழியில் ‘பெஸ்ட்’ வயதாகித் தளர்ந்துபோயிற்றாம். ‘எனக்கு பெஸ்ட்’ என்று ஒரு டச்சுக்காரன் சொன்னால், ஏதோ செய், எனக்கென்ன என்று அர்த்தமாம். கடிதத்தில் ‘அன்புள்ள’ என்று நாம் எழுதுகிற இடத்திலும் அதையே போடுவானாம். டேனிஷ்காரர்களோ தாத்தாவுக்கும் பாட்டிக்கும் ‘பெஸ்ட் அப்பா’, ‘பெஸ்ட் அம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார்களாம். ஜெர்மன்காரன் ஒருவனை முட்டாளாக்கிக் கேலி செய்வதற்கும் இதே சொல்லை வைத்து ஒரு வழக்கு உண்டாம். “உச்சத்துல ஏறினா அவ்வளவுதான், இறங்கித்தான் ஆகணும்” என்பாள் அக்கா.

இத்தனையும் சேர்ந்த பிறகும் சொல் முடியாததற்கு ஒரே காரணம்தான். நாம் ‘பத்திரமா போய்ட்டு வா’ என்று சொல்கிறோமே, அந்தப் ‘பத்திரம்’ வடமொழி ‘பத்ர’ என்பதிலிருந்து வந்தது. நலம், மங்கலம் என்று பொருள். அந்த ‘பத்ர’வும் ‘பெஸ்ட்’டும் ஆதியில் ஒரே வேராக இருக்கலாம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். சிலர் மறுத்திருக்கிறார்கள். அத்தானுக்கு அது உண்மையாக இருக்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. அவர் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா தினமும் வாசலில் சொல்கிற வார்த்தை அது. ஆனாலும் எழுத மாட்டார். வெளிநாட்டு நூலகம் ஒன்றிலிருந்து ஒரு புத்தகம் வர வேண்டும் என்று காத்திருந்தார்.

அப்படிக் காத்திருந்தபோதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா எனக்கு ஃபோன் செய்தாள். நான் ஒரு லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டிருந்தேன்.

“கண்ணுக்குள்ள மின்னல் மாதிரி அடிக்குதுடா. ஸ்லைடுல கறுப்புக் கறுப்பா புள்ளி பறக்குது. லென்ஸைத்தான் மூணு தடவை துடைச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, லென்ஸ்ல இல்ல.”

புதன்கிழமை காலையில் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒரு நிழல் ஏற ஆரம்பித்தது. பரிசோதனைக் கூடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற கண் ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனோம். டாக்டர் சின்ன வயதுக்காரர். சுற்றி வளைக்காமல் சொன்னார். கண்ணின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை மேல்பக்கம் கிழிந்து, சுவரில் ஒட்டிய காகிதம் உரிகிற மாதிரி உரிந்து வருகிறது. நடுப்பகுதி இன்னும் ஒட்டியிருக்கிறது. பார்வை என்று நாம் சொல்வது அந்த நடுப்பகுதிதான். அது கழல்வதற்குள் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். கண்ணைச் சுற்றி வெளியிலிருந்து ஒரு பட்டை போட்டு அழுத்திவிடலாம்.

“நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வந்துடுங்க” என்றார்.

அத்தான் எல்லாவற்றையும் ஒரு பழுப்பு அட்டையில் எழுதிக்கொண்டார். சட்டைப்பையில் எப்போதும் நாலைந்து வைத்திருப்பார். “இன்னொருத்தரையும் பார்த்துடறோம் டாக்டர்” என்றார்.

“பாருங்க. ஆனா சீக்கிரம்.”

வியாழக்கிழமை இன்னொரு ஆஸ்பத்திரி. அங்கே ஒரு பெண் டாக்டர். ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டாம் என்று அத்தான் எங்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்தார்; பார்த்துவிட்டால் தனிச் சாட்சி ஆகாதாம். அந்த டாக்டரும் விழித்திரை உரிகிறது என்றார். அவசரம் என்றார். ஆனால் பட்டை வேண்டாம், கண்ணுக்குள் இருக்கிற கூழை எடுத்துவிட்டு வாயு நிரப்பலாம், பிறகு பத்து நாள் குப்புறப் படுத்திருக்க வேண்டும் என்றார்.

அத்தான் அட்டையைப் பார்த்தார். நேற்றைய அட்டை ஒன்று, இன்றைய அட்டை ஒன்று. இரண்டிலும் வேறு வேறு.

“இதுல எது பெஸ்ட் டாக்டர்?”

“ரெண்டுமே நல்லா வரும் சார். சீக்கிரம் செய்யறதுதான் பெஸ்ட்.”

வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் நின்றோம். அக்கா கறுப்புக் கண்ணாடியோடு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தான் யாருக்கோ ஃபோன் செய்து முடித்துவிட்டு வந்தார். விழித்திரைக்கென்றே பேர்போன பெரிய டாக்டர் ஒருவர் இருக்கிறாராம். வெளிநாடு போயிருக்கிறாராம். அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறார். முதல் ஆளாகப் பார்ப்பதற்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்றார்.

“இன்னிக்கு வியாழன், அத்தான்!”

“எட்டு நாள்தான் மச்சான். அதுவரைக்கும் படுத்தே இருக்கட்டும், தலையை ஆட்டாம.”

“ரெண்டு பேரும் அவசரம்னுதானே சொன்னாங்க? காதுல விழலையா?”

“அவசரம்ங்கறதுல ரெண்டு பேரும் ஒத்துப்போறாங்க. என்ன செய்யணும்ங்கறதுல ஒத்துப்போகல. ஒருத்தர் வெளியில கட்டணும்ங்கறார், ஒருத்தர் உள்ள எடுக்கணும்ங்கறார். இருக்கறது ஒரு கண்ணு. தப்பான ஆள் கையில கொடுத்துட்டா இன்னொண்ணு இல்ல. நீ லிஃப்டைப் பார்க்கற மாதிரி என்னால பார்க்க முடியாது.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. அக்காவைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், “நீ வா, இப்பவே போலாம், அந்தச் சின்ன டாக்டர்கிட்ட. கையெழுத்தை நான் போடறேன்” என்றேன்.

அவள் தலையை ஆட்டக் கூடாது என்பதால் கையை ஆட்டினாள். “அவர் ஒத்துக்கட்டும்டா. அன்னிக்கும் நீங்க எல்லாரும் அவரைத் திட்டினீங்க. அவர் சொன்னதுதானே சரியா வந்துது? எனக்கு பயமாத்தான் இருக்கு. அவர் இல்லாம போய்ப் படுத்தா இன்னும் பயமா இருக்கும்.”

இங்கே நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். ஒன்றும் செய்யவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவர் சட்டையைப் பிடிக்கவில்லை. அவர்களை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு வணிக வளாகத்தில் நின்றுபோன லிஃப்டைப் பார்க்கப் போய்விட்டேன். ஒருவேளை இந்த முறையும் மனிதர் சொல்வதே சரியாக இருந்துவிட்டால் என்று எனக்குள்ளேயும் ஒரு மூலை யோசித்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அக்கா படுத்தே இருந்தாள். அத்தான் விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாடு ஊட்டினார். தலையணையை அந்தப் பக்கம் அரை அங்குலம், இந்தப் பக்கம் அரை அங்குலம் நகர்த்தினார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நிழல் எதுவரை வந்திருக்கிறது என்று அவளைக் கேட்டு அட்டையில் ஒரு வட்டம் போட்டுக் கோடு இழுத்து, தேதியும் நேரமும் எழுதினார். அந்தக் கோடு ஏறிக்கொண்டே வந்ததை அவரும் பார்த்தார். “வெள்ளிக்கிழமைக்குள்ள நடுவுக்கு வராது” என்றார். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு நான் போனபோது அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். அத்தான் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

“யாரு?”

“நான்தான்க்கா.”

“கிட்ட வா. உன் சட்டை நீலம்னு ஓரத்துல தெரியுது. மூஞ்சி இருக்கற இடத்துல ஒண்ணுமே இல்லடா.” சாதாரணமாகத்தான் சொன்னாள், ஸ்லைடைப் பார்த்து மேலதிகாரிக்குச் சொல்கிற குரலில். பிறகு, “அவர்கிட்ட நீயே சொல்லு. எனக்கு வாய் வரல” என்றாள்.

அந்தச் சின்ன டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “எப்பலேர்ந்து?” என்று மட்டும் கேட்டார். விடியற்காலையிலிருந்து என்றாள் அக்கா. பதினொரு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.

வெளியே நீளமான பெஞ்சில் நானும் அத்தானும் உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒரு சோதனைப் பலகை, பெரிய எழுத்திலிருந்து சின்ன எழுத்து வரை. அத்தான் அதையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர், “ஐஸ்லாந்துல ‘பத்னா’ன்னு ஒரு சொல் மச்சான்” என்று ஆரம்பித்தார். “நோயாளிக்கு உடம்பு சரியாகிறதுன்னு அர்த்தம். அதே வேர்தான். இன்னிக்கும் பேசறாங்க.”

நான் எழுந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அக்கா கணவர் மேல் கை ஓங்கினேன். அவர் விலகவில்லை. அடிக்கிறவனுக்கு வசதியாக இருக்கட்டும் என்பதுபோல கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் அவர் கன்னம் முழுக்க நனைந்திருப்பதைப் பார்த்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் தலையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

விழித்திரை ஒட்டிக்கொண்டது. பார்வை வரவில்லை. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்கு நடுப்பார்வை ஓரளவு திரும்பும், மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். பொறுத்துப் பார்த்தோம். அக்காவுக்கு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று தெரியும். யார் நிற்கிறார்கள் என்று தெரியாது.

ஆபரேஷன் முடிந்த அதே வாரம் வெள்ளிக்கிழமை அத்தான் பெரிய டாக்டரைப் பார்க்கப் போனார். வேண்டாம், இனி எதற்கு என்று நான் எவ்வளவோ சொன்னேன். பெயர் கொடுத்தாயிற்று என்றார். நானும் கூடப் போனேன், தனியாக விட மனம் இல்லை. வட்டம் போட்ட அட்டைகளை வரிசையாக மேஜையில் வைத்தார். அந்தப் பெரியவர் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தார்.

“ரெண்டு பேர் சொன்னதும் சரியான சிகிச்சைதான்” என்றார். “போன வாரம் புதன்கிழமையோ வியாழக்கிழமையோ இதுல எதைச் செஞ்சிருந்தாலும் பெரும்பாலும் பார்வை நின்னிருக்கும்.”

“நீங்களா இருந்தா எதைச் செஞ்சிருப்பீங்க?”

“எந்த ஆபரேஷன் தியேட்டர் முதல்ல காலியா கிடைச்சுதோ, அதை.”

அத்தான் சட்டைப்பையிலிருந்து புதிய அட்டை ஒன்றை எடுத்து அதை எழுதிக்கொண்டார். தேதி போட்டார். எழுந்து கும்பிட்டார். லிஃப்டில் கீழே வரும்போது எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் நின்றார்.

அக்கா வேலையை விட்டாள். அவளுக்குப் பதிலாக வந்த பெண் வீட்டுக்கு வந்து, எந்த மைக்ராஸ்கோப்பில் எந்தத் திருகு மக்கர் பண்ணும் என்று கேட்டுக்கொண்டு போனாள். அக்கா விரல்களைக் காற்றில் திருகிக் காட்டி எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். இப்போது தம்ளருக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றுகிறாள். காலரைத் தடவிப் பார்த்து இது அவர் சட்டை, இது என்னுடைய பழைய சட்டை என்று பிரித்து மடிக்கிறாள். அழுதாள், ஆனால் எங்களுக்குத் தெரியாமல் அழ அவளால் முடியவில்லை. நாங்கள் அறையில் இருப்பது அவளுக்குத் தெரிவதில்லையே. அத்தானை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும், எனக்கும்தான்.

ஐந்தாவது மாதம், லிஃப்டுக்கு எண்ணெய் போடப் போனபோது அகராதியின் தலைமை ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “உங்க அத்தானுக்கு என்ன ஆச்சு? ஒரே வாரத்துல நாற்பது சொல்லை முடிச்சுட்டார். எல்லாத்துலயும் சிவப்புக் கையெழுத்து. ஒரு சாட்சி, சிலதுல அதுவும் இல்ல. பக்கத்து மேஜைக்காரர் விளையாட்டுக்குச் சொன்னதைக்கூட எழுதியிருக்கார். ‘பெஸ்ட்’டைப் பாருங்க, ‘பத்திரம்’ங்கறதும் இதே குடும்பம்னு அடிச்சு எழுதிட்டார். ஏன் சார்னு கேட்டா, ஒருத்தர் சொல்லியிருக்காரே, போதும்ங்கறார். நான் எல்லாத்தையும் திருப்பி வச்சிருக்கேன். நீங்க கொஞ்சம் பேசிப் பாருங்க.”

வீட்டிலும் அதே கதைதான் என்று அன்று சாயங்காலம் போனபோது புரிந்தது. சாப்பாட்டு மேஜை முழுக்க பாட்டில்கள். மேல்வீட்டுக்காரர் சொன்ன எண்ணெய். மருந்துக் கடைக்காரர் சொன்ன சொட்டு. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஒருவர் சொன்ன வேர்ப்பொடி. யார் எதைச் சொன்னாலும், இரண்டாவது கேள்வி கேட்காமல், வாங்கி வந்துவிடுகிறாராம். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஏதோ பச்சைச் சாற்றைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

“எதுக்குக்கா இதையெல்லாம் குடிக்கற?”

“குடிச்சா அவர் அன்னிக்கு ராத்திரி தூங்கறார்டா” என்றாள் மெல்ல.

இனிமேல் பொறுக்க முடியாது என்றுதான் சமையலறைக்குள் போனேன். எல்லா பாட்டிலையும் தூக்கி எறியப்போகிறேன், அந்த மனிதரை உலுக்கப்போகிறேன், இத்தனை வருடமாகக் கேட்காத கேள்வியெல்லாம் கேட்கப்போகிறேன் என்று போனேன். அவர் அடுப்புக்கு முன்னால் நின்று எதையோ கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“வந்தியா மச்சான். உன்னைத்தான் நினைச்சிட்டிருந்தேன்” என்றார். அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். “நீ சட்டுனு முடிவெடுக்கறவன். அன்னிக்கே நீ சொன்னே. நான் கேட்கல. இப்போ சொல்லு. என்ன செய்யலாம்? எங்க போலாம்? வேற யாரையும் கேட்க மாட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லு, இப்பவே கிளம்பறேன்.”

சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று உண்மையாகவே தேடினேன். ஒரு ஊர், ஒரு டாக்டர், ஒரு பொய்யாவது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவர் தோளைப் பிடித்தேன். பிடித்துக்கொண்டு நின்றதுதான்.

கூடத்தில் அக்கா தம்ளரை மேஜையில் தடவி வைக்கிற சத்தம் கேட்டது.

“ஏங்க? தம்பி? சத்தமே காணோமே. ரெண்டு பேரும் இருக்கீங்களா?”

“இருக்கோம்” என்றார் அத்தான்.